ஆள்பவரிடம் கணக்குக் கேட்கலாமா?



நாட்டுத் தலைவர் ஒருவரைப் பற்றிய பேச்சு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் நம் குடும்பங்களில் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். "அவர் வல்லவர்தான், காலம் அவருக்குச் சரியாக அமையவில்லை" என்று ஒருவர் தொடங்குவார். "அவர் நமக்குச் செய்தது போதாதா?" என்று இன்னொருவர் குரலை உயர்த்துவார். இரண்டுக்கும் நடுவே வீட்டுப் பெரியவர், "யார் வந்தாலும் நமக்கென்ன? பேசாமல் சாப்பிடுங்கள்" என்று பேச்சை முடித்துவைப்பார். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளைக் கண்டவர் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஆயினும் கூர்ந்து கேட்டால் ஒன்று விளங்கும். பேசியவர் எல்லாரும் அந்த மனிதரைப் பற்றியே பேசினார்கள். பதவியில் இருந்தபோது அவர் செய்தவை எவை என்று ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை.

இந்த வாரப் பாடத்துக்கு நாம் எடுத்துக்கொள்வது, நம் காலத்தில் நாடே இரண்டுபட்டு வாதிட்ட ஓர் ஆட்சியை. 2019 நவம்பர் 18 முதல் 2022 யூலை 14 வரை ஜனாதிபதியாக இருந்த கோட்டாபய ராஜபக்ஷவின் ஆட்சி அது. 52.25 வீத வாக்குகளுடன் வந்தவர், மூன்றாண்டு நிறைவதற்குள் இரவோடிரவாக மாலைதீவுக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் சென்று, மின்னஞ்சலில் இராஜிநாமாக் கடிதத்தை அனுப்பிவைத்தார். 69 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களித்த ஒருவரை, அவ்வாறு வாக்களித்தவர்களிலேயே பலர் வீதிக்கு வந்து "வீட்டுக்குப் போ" என்றார்கள். இதில் யார் சொன்னது சரி?

நம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வாசகர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதை மூடி மறைத்துவிட்டுப் பாடம் நடத்துவது நேர்மையாகாது. ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

2007 யூன் 7 அதிகாலையில் பொலிஸாரும் படையினரும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களிலுள்ள லொட்ஜுகளுக்குள் புகுந்தார்கள். அங்கே தங்கியிருந்த தமிழரைத் தட்டியெழுப்பி, சாமான்களைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, பஸ்களில் ஏற்றினார்கள். 376 பேர் வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்குமாகக் கொண்டுசெல்லப்பட்டனர். வைத்தியசாலைக்கு வந்தவர்கள், வெளிநாடு செல்ல விசாவுக்குக் காத்திருந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள் என்று எல்லாரும் அதில் இருந்தார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. மறுநாளே நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தை நிறுத்தும்படி கட்டளையிட்டது. பிரதமராக இருந்த இரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அக்காலப் பாதுகாப்புச் செயலாளரோ அந்த நடவடிக்கையை நியாயப்படுத்தியே பேசினார். அந்தச் செயலாளர்தான் பன்னிரண்டு ஆண்டுகளின் பின் ஜனாதிபதியானவர்.

எனவே 2019 இலோ 2022 இலோ வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் இருந்துகொண்டு இவரைப் பற்றி யோசித்த தமிழர் எவரும் வெறுந்தாளில் கணக்கெழுதத் தொடங்கவில்லை. பழைய கணக்கு ஏற்கெனவே இருந்தது. 2009 முள்ளிவாய்க்காலும் அந்தக் கணக்கில்தான் இருந்தது.

அப்படியானால் பழைய கணக்கை மறந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. மறக்கச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த பஸ்ஸில் ஏற்றப்படாதவர்களே. ஆனால் கணக்குப் புத்தகத்தில் எந்த வரவை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்ற ஒழுங்கு ஒன்று இருக்கிறதல்லவா? 2007 இல் நடந்தது பாதுகாப்புச் செயலாளர் என்ற பதவியின் கணக்கு. ஜனாதிபதியாக அவர் செய்தவை வேறு பக்கம். இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால், அவரை ஆதரிப்பவர் "போரை முடித்தவர்" என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் கழித்துவிடுவார். நாம் "லொட்ஜில் இருந்து துரத்தியவர்" என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் கூட்டிவிடுவோம். வாதம் இருந்த இடத்திலேயே நிற்கும்.

கண்ணகி பாண்டியன் சபைக்குச் சென்ற கதையை நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். அவள் அழுதாள், கோபித்தாள் என்பதை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். வழக்கை வென்றது அழுகையும் அன்று, கோபமும் அன்று. அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துக்கள், கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கங்கள். சிலம்பை உடைத்துக் காட்டியதும் மன்னனே தன் தீர்ப்புப் பிழை என்று ஏற்றான். பாண்டியன் கொடுங்கோலன் என்று அவள் வாதிட்டிருந்தால் சபையில் பாதிப் பேர் இல்லையென்று சொல்லியிருப்பார்கள். வேதாகமத்தில் தீர்க்கதரிசி நாத்தான் தாவீது அரசனிடம் போனபோதும், அவனுடைய ஆட்சி முழுவதையும் பழிக்கவில்லை. ஒரே ஒரு செயலை எடுத்து அவன் முன் வைத்தார்.

அவ்விதமே நாமும் ஜனாதிபதி ராஜபக்ஷவின் சில செயல்களை எடுத்துப் பார்ப்போம். ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டியவை சில உண்டு. அது அவரே செய்ததா, அவர் கீழ் நடந்ததா? செய்யும்போது அவருக்கு என்ன தெரிந்திருந்தது? யாராவது எச்சரித்தார்களா? பிழையென்று தெரிந்தபின் எவ்வளவு விரைவாகத் திருத்தினார்? அதன் செலவை யார் சுமந்தார்கள்?

முதலில், வேறு எவர் மீதும் சுமத்த முடியாத ஒரு செயல். 2000 டிசம்பரில் யாழ்ப்பாணத்து மிருசுவிலில், தங்கள் வீடு வளவைப் பார்க்கச் சென்ற எட்டுத் தமிழர் கொல்லப்பட்டனர். அவர்களில் சிறுவரும் இருந்தனர். இராணுவத்தைச் சேர்ந்த சுனில் ரத்நாயக்க என்பவருக்கு 2015 இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019 இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2020 மார்ச் மாதம், நாடெங்கும் கொரோனா ஊரடங்கு நிலவிய வேளையில், ஜனாதிபதி அவருக்குப் பொதுமன்னிப்பு அளித்து விடுவித்தார். மன்னிப்பளிக்கும் அதிகாரம் அரசியலமைப்பு ஜனாதிபதியின் கையில் மட்டும் கொடுத்த அதிகாரம். ஆகவே இது அவருடைய செயலேயாகும். இதை ஆதரிப்பவர்களும் இருந்தார்கள். ஆனால் "சூழ்நிலை அப்படி" என்ற பதில் இங்கே செல்லாது. தீர்ப்பு வெளிவந்துவிட்டது, மேன்முறையீடு முடிந்துவிட்டது, அவசரம் ஒன்றும் இருக்கவில்லை. என் எண்ணத்தில், இந்த ஆட்சியைப் பற்றி ஒரு தமிழ்க் குடும்பம் சொல்லக்கூடிய மிகத் திடமான குற்றச்சாட்டு இதுதான். பொருளாதாரம் சரிந்திராவிட்டாலும் இது அப்படியே இருந்திருக்கும்.

இதே அதிகாரத்தால் 2021 இல் விடுவிக்கப்பட்ட துமிந்த சில்வா என்ற முன்னாள் பாராளுமன்ற உறுப்பினரின் மன்னிப்பை, 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் செல்லுபடியற்றதாக்கியது. ஜனாதிபதியின் மன்னிப்பும் நீதிமன்றத்தின் கேள்விக்கு அப்பாற்பட்டதன்று என்பது அப்போது தெளிவாயிற்று.

இனி எல்லாரும் அறிந்த பொருளாதாரக் கதைக்கு வருவோம். இங்கேதான் கருத்து வேறுபாடு மிகப் பெரிது. பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடமும் இதுவே.

பதவியேற்ற சில நாட்களிலேயே அரசாங்கம் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தது. வேறு வரிகளும் நீக்கப்பட்டன. சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கப்பட்ட வரியும் 2020 ஜனவரியோடு நின்றுபோயிற்று. அந்த மாதம் சம்பளப் பத்திரத்தைக் கையில் எடுத்து முகம் மலராதவர் நம்மில் எத்தனை பேர்? கொழும்பில் மாதச் சம்பளம் பெறும் தமிழ்க் குடும்பங்களும் அந்தச் சலுகையை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கவில்லை. விளைவு என்ன? 2019 இல் தேசிய உற்பத்தியில் 12 வீதத்துக்குச் சற்று மேலாக இருந்த அரசாங்க வருமானம், 2020 இல் 9 வீதமளவுக்கு இறங்கியது. வெளிநாட்டுக் கடன் மலையாக நின்ற நேரத்தில் வரும்படி சுருங்கிவிட்டது. கடன் கொடுப்போர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 2019 இறுதியில் ஏறக்குறைய 760 கோடி டொலராக இருந்த நாட்டின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பு கரைந்து, 2022 மே மாதத் தொடக்கத்தில் பயன்படுத்தத்தக்கது 5 கோடி டொலரும் இல்லை என்று நிதியமைச்சர் அலி சப்ரியே பாராளுமன்றத்தில் கூறும் நிலை வந்தது.

அவரை ஆதரிப்பவர் இங்கே குறுக்கிட்டுச் சொல்வதையும் கேட்க வேண்டும். கடன் அவர் வாங்கியது மட்டுமன்று, முன்னிருந்த ஆட்சிகள் எல்லாம் வாங்கியது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்போடு சரிந்த சுற்றுலாத் துறையை 2020 இல் கொரோனா முற்றாகப் படுக்க வைத்தது. இவை உண்மைதான். தடுப்பூசி விடயத்தில் அவருடைய அரசாங்கம் திறமையாகச் செயற்பட்டது என்பதும் உண்மை. 2021 முடிவதற்குள் நாட்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டு ஊசிகளையும் பெற்றிருந்தனர். நம்மைவிடச் செல்வம் கொழித்த சில நாடுகளிலும் அப்படி நடக்கவில்லை. பிடிக்காதவரின் நன்மையை வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவருக்கு அவருடைய தீமையைச் சொல்லும்போது மதிப்பு இருக்காது. ஆகவே இதையும் எழுதிக்கொள்வோம்.

ஆனால் கொரோனா எல்லா நாட்டுக்கும் வந்தது. வரியைக் குறைத்தது கொரோனாவுக்கு முன். வருமானம் விழுந்துவிட்டது என்று தெரிந்தபின்னும் அந்த வரிக் குறைப்பை மீண்டும் சீர்தூக்கிப் பார்க்காதது கொரோனாவுக்குப் பின். 2021 செப்டெம்பர் முதல் 2022 மார்ச் தொடக்கம் வரை டொலர் ஒன்றுக்கு 203 ரூபாவுக்குள் என்று மத்திய வங்கி பிடித்து வைத்திருந்ததே, அதன் பொருளை வெள்ளவத்தைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் பணத்தில் வாழும் பல குடும்பங்கள், வங்கியில் கிடைக்கும் விலை ஒன்று, உண்டியலில் கிடைக்கும் விலை ஒன்று என்பதைத் தங்கள் கையாலேயே எண்ணிப் பார்த்தன. பணம் வங்கி வழியே வருவது குறைந்தது. அதனால் எரிபொருளுக்கும் மருந்துக்கும் கொடுக்க டொலர் இல்லாமற்போயிற்று. இந்த நிலையிலும் 2022 ஜனவரியில் 50 கோடி டொலர் கடன்பத்திரம் ஒன்று முழுவதுமாகச் செலுத்தப்பட்டது. சர்வதேச நாணய நிதியத்திடம் போவோம் என்று பலர் வற்புறுத்தியும் காலம் கடத்தப்பட்டது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது.

இரசாயன உரக் கதை இதைவிடச் சுருக்கமானது. 2021 மே மாதம் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. விவசாயப் பேராசிரியர்கள் வேண்டாம் என்றார்கள், விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் தடை கைவிடப்பட்டது. ஆறு மாதமும் ஒரு பெரும்போகமும் போயின. எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

இவற்றின் செலவை யார் சுமந்தார்கள் என்பதற்கு விரிவுரை தேவையில்லை. 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 2021 ஒக்டோபர் வரை 1,500 ரூபாவுக்குள் இருந்தது. 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. ஜம்பட்டா வீதியிலும் காலி வீதியிலும் வெறுஞ் சிலிண்டர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டு வரிசையில் நின்றன. ஆட்கள் நிழலில் ஒதுங்கி நின்றார்கள். தொடர்மாடியில் விறகடுப்பு மூட்ட இடமேது? மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு வந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. உணவுப் பொருட்களுக்கு மட்டும் கணக்கிட்டால் 94.9 வீதம். அதாவது முந்திய ஆண்டு 100 ரூபாவுக்கு வாங்கிய உணவை வாங்க ஏறக்குறைய 195 ரூபா வேண்டியிருந்தது.

இவ்வளவும் நம்முடைய வாதம். நீதிமன்றம் என்ன சொன்னது? டிரான்ஸ்பேரன்சி இன்டர்நெஷனல் இலங்கைக் கிளையும், ஒலிம்பிக் நீச்சல் வீரராக இருந்த ஜூலியன் போலிங் முதலியோரும் தாக்கல் செய்த மனுக்களில் 2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோட்டாபய ராஜபக்ஷ, மஹிந்த ராஜபக்ஷ, பசில் ராஜபக்ஷ, மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவர், மற்றும் உயர் அதிகாரிகள் சிலர் மக்கள் தங்களிடம் ஒப்படைத்த நம்பிக்கையை மீறினார்கள், அதனால் சட்டத்தின் முன் சமம் என்ற அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று நால்வர் கூறினர். ஐந்தாமவரான நீதியரசர் பிரியந்த ஜயவர்தன இணங்கவில்லை. வரிக் குறைப்பு, ரூபாவின் விலையைப் பிடித்து வைத்தது, ஜனவரிக் கொடுப்பனவு, நாணய நிதியத்திடம் போகத் தாமதித்தது என்று செயல் செயலாகவே அந்த வழக்கு ஆராயப்பட்டது.

நம் வாசகர்கள் இதில் ஒரு நுட்பத்தை மனதில் இருத்த வேண்டும். இது குற்றவியல் தீர்ப்பன்று. சிறைத் தண்டனை இல்லை, "திருடினார்" என்று நீதிமன்றம் சொல்லவும் இல்லை. கடமையைச் செய்ய வேண்டிய விதத்தில் செய்யவில்லை என்று சொன்னது. "நிரூபிக்கப்பட்ட கள்வன்" என்று பேசுகிறவரும் பிழை. "நீதிமன்றம் ஒன்றுமே செய்யவில்லை" என்று பேசுகிறவரும் பிழை. ஐவரில் ஒருவர் மாறுபட்டார் என்பதையும் மறைக்கக் கூடாது. படித்தறிந்த நீதியரசர்களே ஒரே சாட்சியத்தைப் பார்த்து வேறுபடலாம் என்றால், உங்கள் வீட்டு மேசையில் தகப்பனும் மகனும் வேறுபடுவது பாவமன்று.

இப்போது, நம் சமூகம் நேரடியாகக் காயப்பட்ட இடத்துக்கு வருவோம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. ஏறத்தாழ 270 பேர் மாண்டனர். கொட்டாஞ்சேனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்தது இது. அப்போது ஜனாதிபதி ராஜபக்ஷ அல்லர், மைத்திரிபால சிறிசேன. ஏப்ரல் 4 அன்றே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. பாதுகாப்பு அமைச்சும் அவரிடமே இருந்தது. 2023 ஜனவரி 12 அன்று ஏழு நீதியரசர்கள் கொண்ட ஆயம், அவர் தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாவைப் பாதிக்கப்பட்டோருக்கு வழங்க வேண்டும் என்று கட்டளையிட்டது. பொலிஸ் மா அதிபராக இருந்த பூஜித் ஜயசுந்தரவும், அரச புலனாய்வுச் சேவையின் தலைவராக இருந்த நிலந்த ஜயவர்தனவும் ஆளுக்கு ஏழரைக் கோடி. பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோ ஐந்து கோடி. சிறிசேன அந்தத் தொகையைத் தவணை முறையில் செலுத்தினார்.

2015 இல் சிறிசேனவைத் தமிழர் பெருந்திரளாக ஆதரித்தோம். நம்முடைய வாக்கில் வந்தவர் அவர். ராஜபக்ஷவை அளந்த அதே கோலால் இவரையும் அளக்க நாம் ஆயத்தமா? சிறிசேனவின் கணக்கில் 2018 நவம்பரில் பாராளுமன்றத்தைக் கலைத்ததும் உண்டு. அது சட்டவிரோதம் என்று அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று ஏழு நீதியரசர்கள் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். ஆதரித்தவரின் கணக்கை மூடி வைத்துவிட்டு எதிர்த்தவரின் கணக்கை மட்டும் திறந்தால், அதைத் தராசு என்று சொல்ல முடியாது.

உயிர்த்த ஞாயிற்றுக்குப் பின் பாதுகாப்பை உறுதியாகத் தருவார் என்று நம்பி, நம் சிங்களக் கத்தோலிக்கச் சகோதரர் பலர் கோட்டாபய ராஜபக்ஷவுக்கு வாக்களித்தார்கள். அவர்களுடைய அச்சம் பொய்யன்று. ஆணைக்குழுவின் இறுதி அறிக்கை 2021 பெப்ரவரி 1 அன்று அவர் கையில் சேர்ந்தது. அறிக்கையின்படி நடவடிக்கை எங்கே என்று கேட்டு, மார்ச் 7 அன்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையின் அழைப்பில் கறுப்பு ஞாயிறு அனுசரிக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் பாதிக்கப்பட்டோர் சிலரை அழைத்துக்கொண்டு கர்தினால் உரோமைக்குச் சென்று பாப்பரசர் பிரான்சிஸைக் கண்டார். வாக்களித்தவர்களே கணக்குக் கேட்டார்கள். அதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. வாக்கு என்பது வேலையை ஒப்படைப்பது. ஒப்படைத்தவருக்குத்தான் முதலில் கேட்கும் உரிமை.

இதே காலத்தில் கொரோனாவால் இறந்த முஸ்லிம் மக்களின் உடல்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. பிறந்து இருபது நாளான குழந்தையும் அவற்றில் அடக்கம். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2021 பெப்ரவரி இறுதி வரை அது தொடர்ந்தது. 2024 இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அடக்கத்தைப் புனிதமாகக் கருதும் நாம் அப்போது எவ்வளவு பேசினோம்?

இந்தக் கேள்வி நம்மை 2022 ஏப்ரல் 9 முதல் காலிமுகத்திடலில் கூடாரமடித்த இளைஞர்களிடம் கொண்டுபோகிறது. "எரிவாயு இல்லையென்றதும் இவர்களுக்கு ஞானம் வந்தது. 2009 இல் எங்கே இருந்தார்கள்? லொட்ஜில் இருந்து எங்களை இழுத்தபோது எங்கே இருந்தார்கள்?" என்று வெள்ளவத்தையில் பலர் கேட்டார்கள். கேட்க உரிமையுள்ள கேள்வி. அதைக் கேட்டதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அது வேறொரு கேள்விக்கு விடையாகாது. வரிக் குறைப்பு சரியா, பிழையா என்பது, அதைப் பிழையென்று சொல்பவர் நேற்று மௌனமாக இருந்தாரா என்பதைப் பொறுத்ததன்று. முறைப்பாடு செய்பவர் குறையுள்ளவர் என்பதால் முறைப்பாடு பொய்யாகிவிடுமா? அப்படியானால் முஸ்லிம் சகோதரரின் முறைப்பாட்டையும் நாம் தொட முடியாது. நம்முடையதை அவர்களும் தொட முடியாது.

அங்கே சிறிய மாற்றமொன்று நடந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. அந்த ஆண்டு மே 18 அன்று, முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைத்துக் காலிமுகத்திடலில் கஞ்சி வழங்கப்பட்டது. தலைநகரின் நடுவில், ஜனாதிபதிச் செயலகத்தின் வாசலில் அது நடந்தது. அது போதுமா என்றால் போதாது. ஒன்றுமில்லையா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன்.

கணக்குக் கேட்பது ஒன்று, கொளுத்துவது வேறு. மே 9 அன்று ஆளுங்கட்சி ஆதரவாளர் காலிமுகத்திடலில் இருந்தவர்களைத் தாக்கினர். அன்று மாலைக்குள் அரசியல்வாதிகள் பலரின் வீடுகள் எரிந்தன. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் நிட்டம்புவையில் கொல்லப்பட்டார். யூலை 9 அன்று ரணில் விக்கிரமசிங்கவின் இல்லம் நூலகத்தோடு எரிக்கப்பட்டது. அந்தப் புத்தகங்கள் எரிந்தபோது மகிழ்ந்தவர் நம்மிலும் இருந்தனர். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கும் வீடுகளில் அந்த மகிழ்ச்சிக்கு இடமில்லை.

எரிக்காமல் கேட்க வழி உண்டா என்றால், உண்டு; ஆனால் ஒடுங்கிய வழி. பதவியில் இருக்கும் ஜனாதிபதி மீது வழக்குத் தொடர முடியாது என்பது நம் அரசியலமைப்பின் 35 ஆம் உறுப்புரை. 2015 இன் 19 ஆம் திருத்தம் அடிப்படை உரிமை மனுவுக்கு மட்டும் ஒரு கதவைத் திறந்தது. 2020 இன் 20 ஆம் திருத்தம் அதை மூடியது. 2022 இன் 21 ஆம் திருத்தம் மறுபடி திறந்தது. பதவியை விட்டு இறங்கியபின் அந்தக் காப்பு இல்லை. பாராளுமன்றத்தில் குற்றப் பிரேரணை கொண்டுவரும் வழியும் உண்டு. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு, உயர் நீதிமன்ற விசாரணை, மறுபடியும் மூன்றில் இரண்டு பங்கு என்று அது மலையேறுவது போன்றது. 1991 இல் ஜனாதிபதி பிரேமதாசாவுக்கு எதிராக அவருடைய கட்சிக்காரரே கொண்டுவந்த பிரேரணை சபாநாயகரைத் தாண்டவில்லை. 2022 மே 17 அன்று ஜனாதிபதி மீதான அதிருப்திப் பிரேரணையை உடனே விவாதிக்க வேண்டும் என்ற கோரிக்கை, 68 க்கு எதிராக 119 வாக்குகளால் தோற்றது. வெளியே பெற்றோல் வரிசை, உள்ளே 119. வீதியும் சபையும் இவ்வளவு தூரம் விலகிப்போனால் என்ன நடக்கும் என்பதை யூலையில் கண்டோம். 1953 ஓகஸ்டில் அரிசி விலை படி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோது ஹர்த்தால் நடந்தது. உயிர்கள் பலியாயின. இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனாநாயக்க தாமாகவே பதவி விலகினார். பின்னர் மக்கள் அவரை மீண்டும் தெரிவு செய்ததையும் மறக்க வேண்டாம்.

2024 செப்டெம்பரில் நாடு அனுர குமார திசாநாயக்கவை ஜனாதிபதியாகத் தெரிந்தது. நவம்பரில் அவருடைய கூட்டணி யாழ்ப்பாண மாவட்டத்தையும் வென்றது. ஆகவே நம் வீடுகளில் மறுபடியும் ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் உண்டு. பழைய ஜனாதிபதிகளை அளந்து பழகினால்தான் இருப்பவரை அளக்கும் கை நடுங்காது. இதற்குக் குடும்பப் பயிற்சி ஒன்று தருகிறோம். ஞாயிறு மாலை அரை மணி நேரம் போதும்.

வீட்டில் எழுதத் தெரிந்த ஒவ்வொருவரும் இரண்டு துண்டுக் காகிதம் எடுத்துக்கொள்ளட்டும். ஒன்றில், தாம் ஆதரித்த தலைவர் ஒருவர் பதவியில் இருந்து செய்த பிழையான செயல் ஒன்று. மற்றதில், தாம் எதிர்த்தவர் செய்த சரியான செயல் ஒன்று. தலைவரின் பெயரையோ கட்சியையோ எழுதக் கூடாது. செயல், ஆண்டு, பாதிப்படைந்தவர் அல்லது பயனடைந்தவர் யார் என்பது மட்டும். எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் போட்டு, வீட்டிலுள்ள கடைக்குட்டி ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்க, மற்றவர்கள் அது சரியா பிழையா என்று மட்டும் சொல்லட்டும். யாருடைய செயல் என்று வெளியிடுவது எல்லாரும் சொல்லி முடித்த பின்புதான். "பேசாமல் சாப்பிடுங்கள்" என்று சொல்லும் பெரியவரிடம் காகிதத்தை முதலில் கொடுங்கள். எழுத அவரிடம்தான் அதிகம் இருக்கும்.